நோயாளியின் நோன்பு எது?

சில ஆண்டுகளுக்கு முன், புனித வாரத்துச் சனிக்கிழமை இரவு, ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாயை அவருடைய மகன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். கைகால்கள் துவண்டு, எழுந்து நிற்கவும் இயலாத நிலையில் இருந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தபோதே காரணம் ஏறத்தாழப் புரிந்துவிட்டது. இரத்தத்தில் 5 என்ற அளவையொட்டி இருக்க வேண்டிய பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவில் இதயம் எந்த நொடியிலும் நின்றுவிடக்கூடும். உடனே ஊசி மருந்து செலுத்தி, நள்ளிரவிலேயே டயாலிசிஸ் செய்தோம். விடியும் வேளையில் அவர் எழுந்து அமர்ந்தார்.

நடந்தது இதுதான். பெரிய வெள்ளியன்று டயாலிசிஸுக்கு வர வேண்டியவர், அன்று முழுநாளும் ஆலயத்தில் இருக்க விரும்பி வரவில்லை. வெள்ளியும் சனியும் சோறு தொடாமல் நோன்பு இருந்தார். வீட்டார் மனம் பொறுக்காமல் இளநீரும் வாழைப்பழமும் சப்போட்டாவும் கொடுத்திருக்கிறார்கள். இளநீர் உடலுக்குக் குளிர்ச்சி என்பதுதானே நாம் அறிந்தது. ஆனால் ஒரு தம்ளர் இளநீரில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நலமாக இயங்கும் சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் அது இயலாது. அந்த வேலையை இயந்திரம்தான் செய்ய வேண்டும். அந்த வாரம் இயந்திரத்துக்கும் அவர் வரவில்லை.

மறுநாள் காலை அவரைப் பார்க்கச் சென்றேன். கடிந்துகொள்ளும் எண்ணத்துடன்தான் சென்றேன். அதற்குள் அவரே கேட்டார்: "ஐயா, கோயிலுக்கும் போக முடியாது, நோன்பும் இருக்கக் கூடாது என்றால், படுக்கையில் கிடக்கிறவள் ஆண்டவரை எப்படித்தான் நெருங்குவது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் நல்ல விடை இல்லை. உணவுப் பட்டியலில் 'இளநீர் தவிர்க்கவும்' என்று அச்சிட்டுக் கொடுத்திருந்தோம். தவக்காலம் தொடங்கியபோது, "நோன்பு இருக்கப் போகிறீர்களா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் தவறு. இந்தக் கட்டுரை அந்தத் தாயின் கேள்விக்கு நான் காலம் கடந்து தேடிக்கொண்ட விடை. கோவிலூரிலும் பி.பள்ளிப்பட்டியிலும் உள்ளவை போன்ற பழைய பங்குகளின் பக்தி மரபில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நம் தருமபுரி மாவட்டத்தில் பல உண்டு. அவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன் என்றாலும், கிருத்திகை விரதமோ ரமலான் நோன்போ இருக்கும் அன்பர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது உண்டு.

முதலில் திருச்சபை உண்மையில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, நோன்புக் கடமை உள்ள நாள்கள் ஆண்டில் இரண்டே: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அக்கடமையும் 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறைந்தவர் வரைக்குமானது. நோயுற்றோர் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டு அதை நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபை எதிர்பார்ப்பதில்லை. நற்கருணை வாங்குவதற்கு 1 மணி நேரம் முன்பிருந்து உண்ணாதிருக்க வேண்டும் என்னும் விதியிலும் தண்ணீரும் மருந்தும் தடையல்ல. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அந்த 1 மணி நேரமும் கட்டாயமில்லை. அவர்களைப் பராமரிப்போருக்கும் அதே சலுகையைச் சட்டம் பெயர் சொல்லி அளிக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு, திருப்பலி முடியட்டும் என்று உண்ணாமல் காத்திருந்து, ஆலயத்திலேயே மயங்கி விழுந்தவர்களை நான் சிகிச்சைக்கு ஏற்றிருக்கிறேன்.

நோயினாலோ, நோயாளியை விட்டு நகர முடியாததாலோ ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல இயலாதவர் மீதும் குற்றமில்லை என்பது திருச்சபையின் போதனை. இஸ்லாமும் நோயுற்றோருக்கு நோன்பில் விலக்கு அளிக்கிறது. சமயங்கள் நம்மிடம் காட்டும் இந்தப் பரிவை நாம்தான் நமக்கு மறுத்துக்கொள்கிறோம்.

விலக்கு உண்டு என்று சொல்வதோடு அந்தத் தாயின் கேள்வி முடிந்துவிடவில்லை. அவர் கேட்டது விடுப்பு அன்று, வழி. அந்த வழி, நோயுற்றுப் படுத்தவர்களாலேயே முன்பு கண்டறியப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1521 மே மாதம், பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியார் என்னும் போர்வீரரின் கால் முறிந்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. எலும்பைச் சேர்த்துக் கட்டியும், சரியாகக் கூடாததால் மீண்டும் அறுத்தும், பல மாதம் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும் மட்டுமே. அவற்றைப் படித்தும், இடையிடையே தம் பழைய கனவுகளில் மூழ்கியும் கிடந்தவர் ஒன்றைக் கவனித்தார். போர்ப் புகழைப் பற்றிய கனவுகள் அப்போதைக்கு இனித்தன. பின்னர் மனம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழும் எண்ணமோ, நினைத்து முடித்த பின்னரும் நிறைவைத் தந்தது. 'எந்த எண்ணம் எனக்குள் எதை விட்டுச் செல்கிறது?' என்று அவர் நோய்ப்படுக்கையில் கேட்கத் தொடங்கிய அந்தக் கேள்வியே, நாள்தோறும் மனத்தை ஆய்ந்து பார்க்கும் இறைவேண்டல் முறையாக வளர்ந்தது. 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இயேசு சபையை நிறுவியவர் அவர். தமிழ் மண்ணில் சமயப் பணியும் தமிழ்ப் பணியும் ஆற்றிய வீரமாமுனிவர் அந்தச் சபையைச் சேர்ந்தவரே.

இன்னொருவர், குழந்தை இயேசுவின் புனித தெரேசா. காசநோயால் 1897-இல், 24 வயதில் இறந்தவர். தம் கடைசி ஒன்றரை ஆண்டில் விண்ணகம் உண்டா என்னும் ஐயத்தின் இருளில் தவித்ததை மறைக்காமல் எழுதிவைத்தார். இறைவேண்டலின்போது தூங்கிவிடும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அதற்காக அவர் மனம் உடையவில்லை. குழந்தை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்கு இனியதே என்றும், அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவரே நோயாளியைத் தூங்கவைப்பது இல்லையா என்றும் அவர் எண்ணிக்கொண்டார். மருந்தின் மயக்கத்தில் செபமாலையைப் பாதியிலேயே நழுவவிட்டு வருந்தும் என் நோயாளிகளுக்கு இதைச் சொல்வதுண்டு.

இவற்றைக்கொண்டு நான் முன்வைப்பது எளியது. நோயுற்றவர் இறைவனை நெருங்க, உடலை வருத்தும் பெரிய ஒறுத்தல்கள் தேவையில்லை. நாள்தோறும் சிறிதளவு தியானம் போதும். காலையில் அன்றைய நற்செய்திப் பகுதியில் ஒரு வசனம். திருச்சபை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பகுதியைக் குறித்துத் தந்திருக்கிறது. படிக்கக் கண் ஒத்துழைக்காவிடில் உடனிருப்பவர் படிக்கலாம். பகலில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவருக்காக ஓர் எண்ணம். டயாலிசிஸ் நாற்காலியில் கழியும் 4 மணி நேரத்தில் இதற்கு இடமுண்டு. இரவில் 5 நிமிடம், இஞ்ஞாசியாரின் கேள்வி: இன்று எது எனக்கு அமைதி தந்தது, எது என்னை வறட்டியது, யாருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்? களைப்பில் தூக்கம் வந்தால் தூங்கிவிடலாம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

நோன்பு வேண்டும் என்றால், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. சித்திரை வெயிலில் நம் மாவட்டம் தகிக்கும்போது, நாளொன்றுக்கு அளந்து கொடுத்த தண்ணீருக்குள் தாகத்தை அடக்கிக்கொள்ளும் டயாலிசிஸ் நோயாளியைவிடக் கடுமையான நோன்பு இருப்பவர் யார்? உப்பில்லாத குழம்பை முகம் சுளிக்காமல் உண்பதும், விடுமுறை இல்லாமல் மாத்திரை விழுங்குவதும், பெரிய வெள்ளியன்றும் இயந்திரத்தோடு பிணைந்து அமர்ந்திருப்பதும் தவமே. சிலுவையில் தொங்கியவரும் தாகம் என்று சொன்னார் என்பதை நினைவுகூர்ந்து அந்தத் தாகத்தை ஒப்புக்கொடுப்பவர், ஆலயத்தில் முழந்தாளிட்டிருப்பவருக்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நோவைத் தவம் என்று சொல்வதால், தணிக்கக்கூடிய நோவையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருளன்று. வலிநிவாரணி கேட்பது நம்பிக்கைக் குறைவும் அன்று. கடும் வலியைத் தணிக்க மருந்து கொடுப்பது முறையே என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே மயக்கவியல் மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். மருத்துவரை மதிக்கவும், இறைவனிடம் வேண்டிக்கொண்டே மருத்துவருக்கும் இடம்கொடுக்கவும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு அது சொல்லவில்லை.

"இத்தனை செபித்தும் ஏன் குணமாகவில்லை? என்ன பாவம் செய்தேன்?" என்ற கேள்வியை வாரம்தோறும் கேட்கிறேன். சில நேரம் உறவினரே அதை நோயாளியின் காதுபடக் கேட்கிறார்கள். பார்வையற்றுப் பிறந்த ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவர் செய்ததும் அன்று, இவர் பெற்றோர் செய்ததும் அன்று என்று இயேசு மறுத்ததை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் காணலாம். நோயாளியின் தலைமாட்டில் பாவக்கணக்குப் பார்ப்பவர் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கட்டும். பக்தி மிக்கவர் இறந்ததையும், பக்தியே இல்லாதவர் நலமடைந்ததையும் நான் கண்டிருக்கிறேன். இறைவேண்டல் மருந்துச்சீட்டு அன்று. ஆறுதலான ஒரு சொல்லும் இல்லாமல் இருளிலேயே முடியும் 88-ஆம் திருப்பாடலையும் திருவிவிலியம் தன்னுள் வைத்திருக்கிறது. 'எனக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று அழுவதும் இறைவனை நெருங்குவதே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கும் சொல்ல வேண்டும். மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் வழி கிடைக்காமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு கண்டது சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை என்கிறது அந்தப் பகுதி. அந்த நால்வரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. மூன்று ஆண்டாகக் கணவரை வாரம்தோறும் பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பேருந்தில் அழைத்து வரும் பெண், "பூசைக்குப் போயே பல மாதமாகிறது" என்று குற்றவுணர்வோடு சொல்லும்போது எனக்கு அந்தக் கூரைதான் நினைவுக்கு வரும்.

நோயில்பூசுதலைப் பற்றியும் ஒரு சொல். அதை 'அவஸ்தைப்பூசுதல்' என்றே இன்னும் அழைத்து, குருவானவர் வந்தால் உயிர் போய்விடும் என்று அஞ்சும் வீடுகள் உண்டு. இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய திருச்சடங்கை அறிவித்தார். கடும் நோயுற்றவருக்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவருக்கும், தளர்ந்த முதியவருக்கும் அது உண்டு. நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே, அவர் வாய்திறந்து 'ஆமென்' சொல்ல இயலும்போதே பங்குத்தந்தையை அழையுங்கள். நேரத்தைச் செவிலியரிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும்.

கடைசியாக, நோயாளிகளுக்கும் எம்மைப் போன்ற மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் சமயத்து நோன்பாயினும், தொடங்குவதற்கு 2 வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையின் அளவை மாற்றலாம், எதை உண்ணலாம், எதைக் கட்டாயம் விலக்க வேண்டும் என்று சேர்ந்து முடிவு செய்வோம். டயாலிசிஸ் நாளைத் திருவிழாவுக்காக விடாதீர்கள். ஒரு நாள் முன்போ பின்போ மாற்ற இயலுமா என்று கேளுங்கள். மருத்துவர்கள் எங்கள் பங்குக்கு, உப்பையும் சர்க்கரையையும் விசாரிப்பது போல நோன்பையும் விசாரிப்போம்.

அந்தத் தாய் அடுத்த ஆண்டுப் பெரிய வெள்ளியன்று டயாலிசிஸுக்கு வந்தார். பிற்பகல் 3 மணி ஆனபோது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கண்களை மூடிக் கையில் செபமாலையோடு இருந்தார். அருகே சென்ற நான், பேசாமல் திரும்பிவிட்டேன். முடிந்து புறப்படும்போது அவரே சொன்னார்: "இன்றைக்குத் தண்ணீர் அரை லிட்டர்தான் குடித்தேன், ஐயா. அதுதான் என் நோன்பு."