நலம் பேணுவோம்: பக்கவாதமும் மனச்சோர்வும்

பக்கவாதம் கண்டவருக்குக் கை கால் பயிற்சி தருகிறோம். வேளை தவறாமல் மருந்தும் கொடுக்கிறோம். அவருடைய உள்ளம் ஒடுங்கிப் போவதை மட்டும் பல வேளைகளில் காணத் தவறுகிறோம். பக்கவாதத்தினின்று பிழைத்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. அதனை முதுமையென்றும் பிடிவாதமென்றும் வீட்டார் தள்ளிவிடுவதுண்டு. அது பிடிவாதமன்று, நோய்.

இரத்தத்தைச் சோதித்து இந்நோயை முன்னரே அறியக்கூடுமா என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் தடைப்பட்டால் அங்கே அழற்சி மூளும். அப்போது இன்டர்லூகின்-6, சி-ரியாக்டிவ் புரோட்டீன் போன்றவை இரத்தத்தில் மிகும். இவை மிகுந்தவர்களுக்குப் பின்னர் மனச்சோர்வு அதிகம் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் காய்ச்சலாலும் புண்ணாலும்கூட இவை ஏறக்கூடும். ஆகவே, இன்னாருக்கு மனச்சோர்வு உண்டென்று அறுதியிட்டுக் கூறும் இரத்தப் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. நோயாளியைக் கேட்டறிவதே இன்றும் வழி.

எந்த மொழியில் கேட்பது? பெங்களூரில் வாழும் நமக்கு இது முக்கியமான கேள்வி. கடைவீதியில் கன்னடம் சரளமாகப் பேசும் பெரியவரும் மனத்துயரைத் தாய்மொழியிலேயே சொல்ல விழைவார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிடில் வீட்டாரில் ஒருவர் உடன் சென்று, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும். நோயினால் பேச்சே தடுமாறியவருக்கு நம் கண்களே துணை. உணவில் வெறுப்பு, உறக்கமின்மை, பயிற்சிக்கு மறுப்பு, தாம் பிறருக்குப் பாரம் என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவித்தல் நலம். உயிர் வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருந்தை நாமே வாங்கிக் கொடுத்தலும் தவறு. பிரிட்டனில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பக்கவாத நோயாளிகளிடம் நடந்து, 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், புளுஆக்சிடின் என்னும் மாத்திரை மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் எலும்பு முறிவை மிகுவித்தது. யாருக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நம் நகரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் நரம்பு மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒருங்கே உள்ளன. 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசு உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எண்ணைத் தொலைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.