களி என்பது உணவின் பெயர், ஆளின் பெயரன்று

தமிழில் ஒருவனைப் பார்த்து, ‘நீ களி தின்னத்தான் போகிறாய்’ என்றால், அவன் சிறைக்குப் போவான் என்று பொருள். சித்தூர் மாவட்டத்துச் சிற்றூரில் அதே சொற்றொடருக்கு, அவன் மதிய உணவுக்குக் கிளம்பிவிட்டான் என்பதற்கு மேல் பொருளில்லை. சித்தூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வரும் மாணவர் பலரும் விடுதி உணவுக்கூடத்தில் முதலில் எதிர்கொள்வது, இந்த இரு பொருள்களுக்கும் இடையிலான தூரத்தைத்தான்.

அந்த உணவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி, சூடு ஆறுமுன் ஈரக்கையால் உருட்டுவார்கள். நாட்டுக்கோழிக் குழம்போ, கீரைக் கடைசலோ, வேர்க்கடலைச் சட்னியோ துணைக்கு வரும். பிட்டுத் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. தெலுங்கில் சங்கடி, கன்னடத்தில் முத்தே, தமிழில் களி. சித்தூர், வேலூர், கிருஷ்ணகிரி, கோலார் என்று மூன்று மாநிலங்களுக்குப் பொதுவான உணவு இது. 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இத்தனை முறை நகர்ந்தும் அடுப்பிலிருந்த பானை நகரவில்லை.

பிறகு ஏன் இந்த ஏளனம்? ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாணத்தில் சிறைக்கைதிகளுக்குக் கேழ்வரகு போன்ற தானியங்கள் படியளக்கப்பட்டன. உழைப்பவரின் அன்றாட உணவு, அரிசி உண்போரின் பேச்சில் தண்டனையின் பெயராக மாறியது. மொழியில் இதற்கு இன்னும் ஆழமான தடயம் உண்டு. உணவக வாசலில் ‘சாப்பாடு தயார்’ என்று எழுதியிருந்தால் அது அரிசிச்சோறு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெலுங்கில் ‘அன்னம் தின்னாவா’ என்று கேட்பதும் அப்படியே. இரு மொழிகளிலும் அரிசிக்கு உணவு என்ற பொதுப்பெயரே போதும். கேழ்வரகைத்தான் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டியிருக்கிறது. கேலி இங்கேதான் தொடங்குகிறது. கேலி செய்பவனின் தட்டிலிருப்பது வெறும் ‘சாப்பாடு’. கேலிக்கு ஆளாகிறவனின் தட்டுக்கு மட்டும் ஒரு பெயர் இருக்கிறது.

அதே சித்தூர்த் தமிழ் இளைஞன் திருப்பதிக்குப் படிக்கப் போனால் கேலியின் உள்ளடக்கம் தலைகீழாகிவிடும். அங்கே சங்கடியை யாரும் ஏளனம் செய்வதில்லை; அவன் ‘சாம்பார்’ ஆகிவிடுகிறான், ‘அரவம்’ ஆகிவிடுகிறான். அரவம் என்பது தெலுங்கர் தமிழுக்கு இட்ட பழைய பெயர். அருவா நாடு என்பதிலிருந்து வந்தது என்பர் அறிஞர் சிலர். ஆனால் கேலிக்குச் சொற்பிறப்பு தேவையில்லை. சென்னையில் களி, திருப்பதியில் சாம்பார். ஒரே மனிதனுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு உணவுப்பெயர்கள். இதிலிருந்தே தெரிகிறது, இங்கே சுவை ஒரு பொருட்டே அன்று.

இதன் இலக்கணம் நமக்குப் பழக்கமானதுதான். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளோர் சிரித்தனர் என்பதை ஆகுபெயர் என்று பள்ளியில் படித்தோம். ‘டேய் களி, இங்கே வாடா’ என்பதும் ஆகுபெயரே. உண்ணும் பொருளின் பெயர் உண்பவனுக்கு ஆகிவருகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. ஊருக்குள் சிரித்தவர்கள் தனித்தனி மனிதர்களாகவே இருக்கிறார்கள். களி என்று அழைக்கப்பட்டவனோ தன் சொந்தப் பெயரை இழந்துவிடுகிறான்.

2020 அக்டோபரில் பிரிட்டனைச் சேர்ந்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், இட்லியைப் போலச் சலிப்பூட்டும் பண்டம் உலகில் வேறில்லை என்ற பொருள்பட ட்விட்டரில் எழுதினார். தென்னாடே கொந்தளித்தது, சசி தரூர்வரை மறுமொழி சொன்னார்கள். என் பார்வையில் அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் இட்லியைச் சொன்னார். இட்லி உண்பவரைச் சொல்லவில்லை. எனக்கும் சில பண்டங்கள் பிடிக்காது. அது என் நாக்கின் உரிமை. ஆனால் இட்லிக்காகப் பொங்கிய அதே நாம், பக்கத்து அறை மாணவன் ‘களி’ என்றழைக்கப்படும்போது சேர்ந்து சிரிக்கிறோம். பண்டத்துக்கு வந்த இழுக்கு பெரிதாகவும் மனிதனுக்கு வந்த இழுக்கு வேடிக்கையாகவும் நமக்குத் தோன்றுவது எப்படி?

இது வேடிக்கையோடு நிற்காமலும் போகலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் வளாகத்தில், 2023 செப்டம்பரில் ஓர் இந்திய ஆய்வு மாணவர் தம் பாலக் பனீரைத் துறையின் மைக்ரோவேவில் சூடாக்கினார். வாடை அடிக்கிறது என்று ஊழியர் ஒருவர் ஆட்சேபித்தார். அங்கே தொடங்கிய மோதல் நீதிமன்றம் சென்று, 2025இல் 2 லட்சம் டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. பல்கலைக்கழகம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குத் தொடுத்த மாணவரும் அவருடைய துணைவியும் முனைவர் பட்டம் பெறாமலே நாடு திரும்பினர். அச்செய்தியை நாம் சினத்தோடு பகிர்ந்தோம். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் நம் விடுதிகளின் மைக்ரோவேவ் அருகே நடப்பதைக் கவனித்திருப்போம்?

கேலி நட்பின் அடையாளம்தானே என்பார்கள். இருக்கலாம். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: கேலிக்குப் பிறகும் அவன் அந்த உணவைப் பொதுமேசையில் திறக்கிறானா? திறந்தால் அது நட்பு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உண்ணத் தொடங்கிவிட்டால் அதற்கு வேறு பெயர். அவன் பதிலுக்குக் ‘கோங்குரா’ என்றோ, தெலுங்கரைக் குறிக்கும் அந்த இழிசொல்லைக் கொண்டோ திருப்பி அடிப்பதும் தீர்வாகாது. அந்தச் சொல்லைச் சென்னையில் நாம் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறோம் என்பது தமிழர் அனைவருக்கும் தெரியும்.

இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருப்பதை இன்று மருத்துவர்கள் எடுத்துரைக்கிறார்கள். நட்சத்திர விடுதிகளில் ராகி உருண்டை விலையோடு பரிமாறப்படுகிறது. தானியத்துக்கு மதிப்பு வந்துவிட்டது; மகிழ்ச்சி. அதைத் தலைமுறை தலைமுறையாக உண்டவர்களுக்கு மதிப்பு வந்துவிட்டதா என்பதே என் கேள்வி. கால்சியத்தைக் காட்டித்தான் ஓர் உணவு தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டுமென்றால், அதுவும் ஒருவகை அவமதிப்பே. வீட்டு நினைவோடு ஒருவர் உண்கிறார் என்பதே போதுமான காரணம்.

கல்லூரிகள் திறக்கும் காலத்தில் எல்லை தாண்டி நம் விடுதிகளுக்குப் புதியவர்கள் வருவார்கள். அவர்கள் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது என்ன உணவு என்று தாராளமாகக் கேளுங்கள். எப்படிச் செய்வது என்றும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அழைக்கும்போது மட்டும் அவர்களுடைய பெயரைச் சொல்லி அழையுங்கள்.