பின்னணிப் படம் எங்கே போனது?



அக்குறணையில் வீட்டிலிருந்தே அபாயா தைத்து விற்கும் ஒரு சகோதரி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் மத்ரஸாவின் இணையத்தளத்தை நான் கவனித்து வருவது அவருக்குத் தெரியும். டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்த மாதிரி ஒன்றை வாங்கி, அதன் தலைப்பில் கண்டி வாவியின் படத்தைப் பின்னணியாக வைத்திருக்கிறார்.

"எங்கட ஊட்டு கொம்பியூட்டர்ல வடிவாத் தெரியுது மௌலவி. இன்டர்நெட்ல போட்டா ஒண்டுமில்ல."

மாதிரியில் எழுத்துக்கள் வெள்ளை நிறம். படம் வராததால் வெள்ளையின் மேல் வெள்ளை! கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அங்கேயே இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. பெருநாள் ஓடர்கள் வரும் காலத்தில் இப்படி. இன்னொருவருக்குப் பணம் கொடுத்து முழுவதையும் புதிதாகச் செய்விக்க எண்ணியிருந்தார். பொறுங்கள் என்றேன்.

பக்கத்தின் நிறம், எழுத்து, பின்னணி பற்றிய கட்டளைகள் சீஎஸ்எஸ் என்ற தனி பைலில் இருக்கும். நோர்வே நாட்டவரான ஹோகோன் வியும் லீ 1994இல் முன்வைத்த யோசனை இது. 1996 டிசம்பரில் வெளியான முதல் விதியிலேயே பின்னணிப் படத்துக்கான கட்டளை உண்டு.

படம் காணாமற் போனால் ஊகிக்க வேண்டாம். கொம்பியூட்டரில் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். படத்தின் பெயருக்கு எதிரே 404 என்றிருந்தால், நீங்கள் சொன்ன இடத்தில் அந்த பைல் இல்லை. பெயரே பட்டியலில் இல்லாவிட்டால் கட்டளை செல்லுபடியாகவில்லை. முந்திய வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருக்கலாம். அல்லது மாதிரியைச் செய்தவர் கீழே எழுதிய வேறொரு பின்னணிக் கட்டளை உங்களுடையதை மேவியிருக்கலாம். 200 என்று வந்தும் தெரியாவிட்டால் அந்தப் பெட்டிக்கு உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னணிப் படம் தானாகப் பெட்டியை விரிக்காது.

சகோதரிக்கு வந்தது 404. கெமரா வைத்த பெயரின் கடைசியில் ஜேபிஜி என்ற மூன்றும் பெரிய எழுத்துக்கள். அவர் கட்டளையில் எழுதியது சிறிய எழுத்துக்கள். வீட்டிலுள்ள விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். இணையத்தளங்கள் பெரும்பாலும் தங்கியிருக்கும் லினக்ஸோ இரண்டையும் வேறு வேறு பெயராகவே பார்க்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சிலருக்கு வீட்டிலும் படம் தெரியாது. அங்கே தவறு பெரும்பாலும் முகவரியில்தான். நஹ்வு பாடத்தில் ஒரு ளமீர் வந்தால், அது எதன்பால் மீளுகிறது என்று மாணவரிடம் கேட்போமே, அதே கேள்விதான் இங்கும். படத்தின் முகவரி சீஎஸ்எஸ் பைல் இருக்கும் போல்டரிலிருந்து எண்ணப்படும், முகப்புப் பக்கத்திலிருந்து அல்ல. ஆகவே முதலில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டு வெளியே வந்துதான் படங்கள் உள்ள போல்டருக்குள் போக வேண்டும்.

பெயரைத் திருத்திய பிறகும் அவருக்குப் பழைய வெள்ளைதான் தெரிந்தது. பிரவுசர் பழைய சீஎஸ்எஸ்ஸைச் சேமித்து வைத்திருந்தது. கன்ட்ரோல் விசையோடு எஃப்5ஐ அழுத்தச் சொன்னேன். வாவி வந்துவிட்டது!

இன்னொரு தடவை படம் வராவிட்டாலும் எழுத்துத் தெரியட்டும் என்று, படத்தோடு கரும்பச்சைப் பின்னணி நிறமும் கொடுக்கச் சொன்னேன்.

"பச்சை வேணாம் மௌலவி, கறுப்பே போடுறன். அபாயாக் கடைதானே" என்றார்.