கார்னருக்கு மாத்து ஆள் இருக்கா?

புரோ கபடி ஏலம் முடிந்தால் போதும், எங்கள் அஸ்தினாபுரம் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை ஒரு தேர்வுக் குழு முளைத்துவிடும். "ரெய்டர் யாருண்ணா?", "எத்தனை கோடிக்குடா போனாரு?" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் எந்தக் கூட்டத்திலும் பழைய ஆட்டக்காரர் ஒருவர் இருப்பார். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அவர் கேட்பார்: "அதெல்லாம் சரி தம்பி, கார்னருக்கு மாத்து ஆள் இருக்கா?"

சீசன் தொடங்கும் முன் ஒரு தமிழ் தலைவாஸ் ரசிகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று இந்த வாரம் பார்க்கலாம்.

மூலையில் என்ன வேலை?

களத்தில் ஏழு பேர். இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் லெஃப்ட் கார்னர், ரைட் கார்னர். அவர்களுக்கு உள்பக்கம் இன், அடுத்து கவர். பாடி வருகிறவர் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டும்போது கணுக்காலைப் பிடிப்பது கார்னரின் வேலை. அவர் பிடித்த அடுத்த நொடியில் கவர் பாய்ந்து வந்து முட்டித் தள்ள வேண்டும். அரை நொடி பிந்தினால் ஒன்றுக்கு இரண்டாகப் புள்ளி போய்விடும்.

இடது மூலையில் பழகியவரை வலது மூலையில் நிறுத்திப் பாருங்கள். எந்தக் கையை முதலில் நீட்டுவது, உடம்பை எந்தப் பக்கம் திருப்புவது எல்லாமே தலைகீழாகிவிடும். அதனால் 'டிஃபெண்டர்கள் நிறைய பேர் இருக்காங்க' என்பதும் 'கார்னருக்கு ஆள் இருக்கு' என்பதும் ஒன்றல்ல.

கபடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவுட் ஆனவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது. சக ஆட்டக்காரர்கள் புள்ளி எடுத்து அவரை உள்ளே கூட்டிவரும்வரை, களத்தில் மிச்சம் இருப்பவர்களில் ஒருவர்தான் மூலைக்குப் போக வேண்டும். இது காயம் பட்டால் மட்டும் வரும் பிரச்னை இல்லை, ஒரே ஆட்டத்தில் பல தடவை வரும். ஆகவே மாத்து ஆள் பெஞ்சிலும் வேண்டும், களத்துக்குள்ளேயும் வேண்டும்.

பெயர் பெரிசு, இடம் கடைசி

2019-ல் நடந்த ஏழாவது சீசனை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் மூவரும் தலைவாஸில் ஒன்றாக ஆடினார்கள். பட்டியலைப் பார்த்த அன்றே கோப்பை நமக்குத்தான் என்று நம்பினோம். சீசன் முடிந்தபோது 12 அணிகளில் நமக்குக் கிடைத்தது 12-வது இடம்.

2022-ல் ஒன்பதாவது சீசன். பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு எடுத்தார்கள். புரோ கபடி வரலாற்றில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. குஜராத் ஜெயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். எதிரணிக்காகப் பாடி வந்தவர் நம் தமிழ்நாட்டுப் பையன் சந்திரன் ரஞ்சித். அவரைப் பிடிக்கப் போனபோது பவனின் முழங்கால் போயிற்று. முதல் ஆட்டத்தோடு அவருக்கு அந்த சீசனே முடிந்தது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால், அதிகம் பேருக்குத் தெரியாத நரேந்தர் கண்டோலா எழுந்து நின்று 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். நடுவில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் அணியைத் தூக்கி நிறுத்தினார். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன், டை பிரேக்கரில் வெற்றி. தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேரி பல்டனிடம் 39-37 என்று தோற்றது. இரண்டே புள்ளி!

அதிக விலைக்கு வாங்கியவர் உட்கார்ந்துவிட்ட சீசன்தான் அணி அதுவரை கண்டதில் சிறந்த சீசன். பணத்தை விட, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் அணியைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, அந்த உதாரணம் ரெய்டருக்கு. கார்னருக்கு? 2024-ல் நடந்த 11-வது சீசனைப் பாருங்கள். ரைட் கார்னர் நிதேஷ் குமார் 77 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார், அந்த சீசனின் சிறந்த டிஃபெண்டர் விருதும் அவருக்கே. ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளிகளைத் தொட்ட முதல் ஆளும் அவர்தான், ஆறாவது சீசனில் உ.பி.க்காக. அப்படிப்பட்டவர் ஒரு மூலையில் நின்றும் தலைவாஸுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். ஒரு பக்கக் கதவை மட்டும் இழுத்துப் பூட்டினால் வீடு பத்திரமாகிவிடுமா?

மூன்று கேள்விகள்

அடுத்த முறை அணிப் பட்டியல் போனில் வந்து விழும்போது, கோடிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மூன்றையும் பாருங்கள்.

ஒன்று, இரண்டு மூலைக்கும் அந்தந்த இடத்திலேயே ஆடிப் பழகிய இரண்டாவது ஆள் உண்டா?

இரண்டு, கார்னர் அவுட் ஆனால் உள்ளே இருக்கும் கவரோ ஆல்ரவுண்டரோ மூலைக்கு நகர முடியுமா?

மூன்று, கார்னரும் கவரும் முன்பு சேர்ந்து ஆடியிருக்கிறார்களா? ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் கேட்காமலே வர வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏலத்தில் வாங்க முடியாது.

மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் தைரியமாக டிக்கெட் எடுக்கலாம். குரோம்பேட்டையில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், நேரு உள் விளையாட்டரங்கம் பக்கம்தான்.

கடைசியாக, இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆன விஷயம். மைதானத்தில் கபடி ஆடும் பத்துப் பையன்களைக் கேளுங்கள், பெரும்பாலும் எல்லோரும் 'நான் ரெய்டர்' என்பார்கள். கைத்தட்டலும் பேனரும் அவர்களுக்குத்தானே? ஆனால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்றே பெயர் எடுத்தவர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன் அவர்தான், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வேகம் குறைந்தாலும், எப்போது பிடிக்கக் கூடாது என்று தெரிந்த கார்னருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், நம் பக்கத்துக் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார். புறநகர் மைதானத்தில் இருந்து அங்கே போக வழி இருக்கிறது. உங்கள் பையனோ பெண்ணோ 'என்னை மூலையில நிக்க வெச்சுட்டாங்க' என்று முகம் சுருங்கி வீட்டுக்கு வந்தால், வருத்தப்படாதீர்கள். எல்லா அணியும் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் நிற்கிறாய் என்று சொல்லுங்கள்.