வாரண்டி உண்டு, கப்பல் கூலி யாருடையது? அந்தமான் நுகர்வோர் எதிர்கொள்ளும் சட்ட இடைவெளி

டாலிகஞ்ச் (அந்தமான் - நிகோபார்): குறைபாடுள்ள பொருளை உத்தரவாதக் காலத்துக்குள் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டியது உத்தரவாதம் அளித்தவரின் கடமை என்பதில் இந்தியச் சட்டத்தில் ஐயமில்லை. பழைய பொருளைத் திருப்பி அனுப்பவும் புதிய பொருளைக் கொண்டுவந்து சேர்க்கவும் ஆகும் கூலியை யார் ஏற்பது என்பதில்தான் ஐயம் தொடங்குகிறது. பெருநகரங்களில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் இந்தக் கேள்வி, சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தொலைவில் உள்ள தீவுக் குடும்பங்களுக்குப் பொருளின் விலையையே எட்டிப் பிடிக்கும் தொகையாக மாறக்கூடியது.

தெற்கு அந்தமானில், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை ஒட்டி அமைந்துள்ளது டாலிகஞ்ச். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி, குளியலறைச் சாதனங்கள் என இங்குள்ள வீடுகளில் பயன்படும் பெரிய பொருட்களில் பெரும்பாலானவை சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களின் வழியே வருபவை. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடியிழை இணைப்பு 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பின்னர், இணையவழியில் பொருள் வாங்குவது தீவில் எளிதாகியுள்ளது. ஆர்டர் நொடியில் சென்னையை அடைந்துவிடுகிறது. பொருள் மட்டும் இன்னமும் கப்பலில்தான் வருகிறது.

எடைக்கு அல்ல, இடத்துக்குக் கூலி

'ஹாட் டப்' எனப்படும் வெந்நீர்க் குளியல் தொட்டி இந்தச் சிக்கலின் உச்சகட்ட எடுத்துக்காட்டு. சுற்றுலா விடுதிகளிலும் வசதியான சில வீடுகளிலும் காணப்படும் இத்தொட்டியின் உடல் ஒரே வார்ப்பாகச் செய்யப்படுவது. மடிக்கவோ பிரித்து அடுக்கவோ இயலாது. ஐந்தாறு பேர் அமரக்கூடிய தொட்டி ஒன்றின் நீளமும் அகலமும் தலா 210 செ.மீ., உயரம் 95 செ.மீ. என்று கொண்டால், அது அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 4.19 கன மீட்டர். நீரின்றி அதன் எடை 300 முதல் 400 கிலோ வரை இருக்கலாம். ஆனால் கட்டணம் அந்த எடைக்கு விதிக்கப்படுவதில்லை.

விமானச் சரக்கில் கன சென்டிமீட்டரை 6,000-ஆல் வகுத்துக் கிடைக்கும் 'கொள்ளளவு எடை' உண்மை எடையைவிட அதிகமாக இருந்தால், அதுவே கட்டணத்துக்கு அடிப்படை. மேற்கண்ட தொட்டிக்கு அது 698 கிலோ. கூரியர் நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் 5,000 என்ற வகுப்பெண்ணைக் கொண்டால் 838 கிலோ. கடல்வழிச் சரக்கிலும் ஒரு கன மீட்டரை ஒரு டன்னாகக் கணக்கிடும் முறை வழக்கத்தில் உள்ளதால், அரை டன்னுக்கும் குறைவான தொட்டி நான்கு டன்னுக்கு மேற்பட்ட சரக்காகக் கூலி செலுத்துகிறது. இது ஒரு வழிக்கான கணக்கு. குறைபாடுள்ள தொட்டியைத் திருப்பி அனுப்புமாறு நிறுவனம் கோரினால் இரண்டாம் பயணம், மாற்றுத் தொட்டிக்கு மூன்றாம் பயணம். இவற்றுடன் துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் கூலி, கிரேன் வாடகை, லாரி வாடகை ஆகியவையும் சேரும். தொட்டி ஸ்வராஜ் தீவுக்கோ (ஹேவ்லாக்) ஷஹீத் தீவுக்கோ (நீல்) செல்ல வேண்டுமானால் இன்னொரு படகுப் பயணமும் உண்டு.

மோட்டார், வெப்பமூட்டி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை பழுதானால் சிறு பெட்டியில் உதிரிபாகம் அனுப்பி நிலைமையைச் சமாளிக்கலாம். வெளியுடலில் விரிசல் விழுந்தால் அது இயலாது. உத்தரவாத அட்டைகளும் பெரும்பாலும் வெளியுடலுக்கு ஒரு காலம், உதிரிபாகங்களுக்கு ஒரு காலம், பழுதுநீக்கும் கூலிக்கு ஒரு காலம் என்று பிரித்தே எழுதப்படுகின்றன. சேவை மையம் அமைந்துள்ள நகராட்சி எல்லைக்கு அப்பால் போக்குவரத்துச் செலவு வாடிக்கையாளருடையது என்ற வரியும் வீட்டுச் சாதனங்களின் அட்டைகளில் பரவலாகக் காணப்படுவது. நகரவாசிக்கு அது ஒரு வரி. தீவுவாசிக்கோ அந்த ஒரு வரியிலேயே உத்தரவாதத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 39-ஆவது பிரிவு, குறைபாட்டை நீக்கவும், அதே வகையைச் சேர்ந்த குறையற்ற புதிய பொருளைத் தரவும், வட்டியுடன் விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்கவும் உத்தரவிடும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்கு அளிக்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் மாற்றிக் கொடுக்கும்போது ஏற்படும் சரக்குக் கட்டணத்தை இன்னார்தான் ஏற்க வேண்டும் என்று இச்சட்டம் தனித்து எங்கும் கூறவில்லை. அத்தொகையை இழப்பீட்டின் ஒரு பகுதியாகக் கேட்டுப் பெறுவதே நுகர்வோருக்கு உள்ள வழி.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் ஓரடி முன்னே செல்கின்றன. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது; திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தைத் தெளிவாகவும் எளிதில் காணும்படியும் வெளியிட வேண்டும்; விநியோகக் கட்டணம் உள்ளிட்டவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கின்றன அவ்விதிகள். செலவை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது வேறு, அதை விற்பனையாளரே ஏற்க வேண்டும் என்பது வேறு. விதிகள் முதலாவதோடு நின்றுவிட்டன.

அதிகம் பேசப்படாத ஒரு பாதுகாப்பு, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான பொருள் விற்பனைச் சட்டம், 1930-இல் இருக்கிறது. பொருளை ஏற்க மறுக்கும் உரிமை உள்ள வாங்குநர் அவ்வாறு மறுத்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அதை விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்லர்; மறுப்பைத் தெரிவித்தாலே போதும் என்கிறது அதன் 43-ஆவது பிரிவு. டாலிகஞ்சில் இறங்கிய தொட்டி பெட்டியைத் திறந்ததுமே விரிசலுடன் காணப்பட்டால் இப்பிரிவுக்கு உயிருண்டு. பொருளை ஏற்று, பொருத்தி, ஆறு மாதம் பயன்படுத்திய பின் எழும் குறைக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அப்போது வாங்குநருக்கு எஞ்சுவது உத்தரவாத மீறலுக்கான இழப்பீடு மட்டுமே. எனவே பெட்டியைத் திறக்கும் நாள் சட்டத்தின் பார்வையில் சாதாரண நாளன்று. தீவுகளில் பொருள் வந்து சேர்ந்தும் வீட்டுவேலை முடியும் வரை பிரிக்காமல் வைத்திருக்கும் வழக்கம் இந்த உரிமையை மெல்ல மெல்ல இழக்கச் செய்துவிடும்.

சென்னையிலேயே முடிந்துவிடும் விற்பனை

தீவு வணிகத்தின் வேறொரு நடைமுறை சிக்கலைக் கூட்டுகிறது. விற்பனையாளர் சென்னையிலுள்ள லாரி அலுவலகத்திலோ சரக்கு முகவரின் கிடங்கிலோ பொருளை ஒப்படைத்துவிட, அங்கிருந்து கப்பல் கூலியை வாங்குநரே செலுத்துவது உண்டு. வாங்குநருக்கு அனுப்புவதற்காகச் சரக்கேற்றுவோரிடம் ஒப்படைப்பதே, மறுப்பதற்கான காரணம் இல்லாத வரை, வாங்குநரிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும் என்பது 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. அதாவது, சட்டத்தின் கண்களில் விற்பனை சென்னையிலேயே நிறைவடைந்துவிடக்கூடும். மாற்றுப் பொருளையும் அதே கிடங்கில் தந்துவிட்டால் தமது கடமை முடிந்தது என்று விற்பனையாளர் வாதிட இது இடமளிக்கிறது. விலைப்பட்டியலில் ஒப்படைக்கும் இடமாக 'சென்னை' என்றிருக்கிறதா, 'டாலிகஞ்ச்' என்றிருக்கிறதா என்பது பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள வேறுபாடு.

விரிசல் தொழிற்சாலையில் ஏற்பட்டதா, பயணத்தில் ஏற்பட்டதா என்ற கேள்வியும் உடன் எழும். பயணச் சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. கடல்வழிச் சரக்கைப் பொறுத்தவரை, வெளிப்படையாகத் தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால், பொருள் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே முதற்கண் கருதப்படும். விற்பனையாளர் கப்பலைக் கைகாட்ட, கப்பல் முகவர் தொழிற்சாலையைக் கைகாட்ட, தொட்டி முற்றத்திலேயே கிடக்கும் நிலை இவ்வாறுதான் உருவாகிறது.

தொட்டியை வாங்கியது விடுதி என்றால் மற்றுமொரு தடை உண்டு. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோரை 'நுகர்வோர்' என்ற வரையறையிலிருந்து 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்குவோருக்கு விலக்கிலிருந்து விலக்கு. லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் 2019 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாங்கியதன் முதன்மை நோக்கத்துக்கும் லாபம் ஈட்டும் செயலுக்கும் நேரடித் தொடர்பு உள்ளதா என்று ஒவ்வொரு வழக்கிலும் ஆராய வேண்டும் என்றது. செவிலியர் தங்க வாங்கிய குடியிருப்புகளுக்கு அத்தொடர்பு இல்லை என்பது அன்றைய முடிவு. விருந்தினரை ஈர்ப்பதற்காக விடுதி அமைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு அதே வாதம் எளிதில் எடுபடாது. குடும்பமாக நடத்தும் ஓரிரு அறை 'ஹோம் ஸ்டே'யின் நிலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

பிற நாடுகள் எடுத்த முடிவு

ஆஸ்திரேலியா இவ்விஷயத்தில் நேரடியாகவே விடை எழுதிவிட்டது. 2011 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு நுகர்வோர் சட்டத்தின்படி, அளவு, உயரம் அல்லது பொருத்தப்பட்டுள்ள விதம் காரணமாகப் பெருஞ்செலவின்றித் திருப்பி அனுப்ப இயலாத பொருளை விற்பனையாளரே தம் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும். வெந்நீர்த் தொட்டிக்கென்றே எழுதியது போன்ற வாசகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மே மாதம் தீர்ப்பளிக்கப்பட்ட டூல்போர்ட் வழக்கு இதற்கு மிக நெருக்கமானது. ஜெர்மனியில் தொலைபேசி மூலம் வாங்கிய 5 மீட்டருக்கு 6 மீட்டர் கூடாரம் குறையுடையது என்றும், அதைத் தம் இல்லத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்றும் வாங்கியவர் கோரினார். பொருளின் தன்மை, நுகர்வோருக்கு ஏற்படும் சிரமம் ஆகியவற்றைக் கருதியே எங்கே சரிசெய்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய நீதிமன்றம், போக்குவரத்துச் செலவை விற்பனையாளர் முன்பணமாகத் தர வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை என்றும் கூறியது. ஆனால் அந்தச் செலவே நுகர்வோரை உரிமை கோராமல் பின்வாங்கச் செய்யும் அளவுக்குப் பெருஞ்சுமையானால் முன்பணம் தர வேண்டும் என்பது அதன் முக்கியமான விதிவிலக்கு. இறுதியில் செலவு விற்பனையாளருடையதே என்பதில் அங்கு விவாதமில்லை. 2022 முதல் அமலில் உள்ள ஐரோப்பிய நெறிமுறை, மாற்றப்பட்ட பழைய பொருளை விற்பனையாளரே தம் செலவில் திரும்பப் பெற வேண்டும் என்கிறது.

இந்தியாவில் இத்தகைய ஒற்றை வரி சட்டத்தில் சேர்வதற்குத் தத்துவத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வரியும் தடையன்று. உத்தரவாதத்தின் கீழ் கட்டணமின்றி மாற்றித் தரும் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2023 ஜூலையிலும், முழுப் பொருளை மாற்றித் தந்தாலும் அதுவே நிலை என்று 2024 ஜூனிலும் மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியுள்ளது. உத்தரவாதக் காலத்தை வாங்கிய நாளிலிருந்து அல்லாமல் பொருத்திய நாளிலிருந்து கணக்கிடுமாறு வீட்டுச் சாதன உற்பத்தியாளர்களை நுகர்வோர் விவகாரத் துறை 2024 தொடக்கத்தில் கேட்டுக்கொண்டது. கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் தீவுவாசிகளுக்கு அது பயனுள்ள வேண்டுகோள். ஆயினும் வேண்டுகோள் மட்டுமே. விற்பனையாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: எல்லா இடத்துக்கும் ஒரே விலையில் விற்கும் சிறு வணிகர் கடல் கடந்த மாற்றுச் செலவை ஏற்க நேர்ந்தால், தீவுக்கு விற்பதையே நிறுத்திவிடலாம். இணையத்தில் அஞ்சல் குறியீட்டை உள்ளிட்டதும் 'இப்பகுதிக்கு விநியோகம் இல்லை' என்ற பதில் வருவது தீவுவாசிகள் அறியாத ஒன்றன்று.

வழக்கு தீவிலேயே

இருக்கும் சட்டத்தில் தீவு நுகர்வோருக்குக் கிடைத்துள்ள பெரிய மாற்றம் வழக்குத் தொடுக்கும் இடம் பற்றியது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இயங்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, அதாவது டாலிகஞ்ச்வாசி தெற்கு அந்தமானிலேயே, சென்னை விற்பனையாளர் மீது முறையிடலாம். காணொலி விசாரணைக்கும் சட்டம் இடமளிக்கிறது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்புக்கு உட்பட்டது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. குறைபாட்டை ஆய்வகச் சோதனையின்றி முடிவு செய்ய இயலாவிட்டால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் செலுத்த வேண்டும். முடிவுக்குச் சட்டம் வைத்துள்ள இலக்கு மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம்.

உத்தரவாத அட்டையின் போக்குவரத்து வரியே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க விரும்புவோர் மாவட்ட ஆணையத்தை அணுக இயலாது. அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உள்ளது. மற்றவர்கள் சரக்கு ரசீது, ஏற்றி இறக்கிய கூலிச் சீட்டு, பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்து, மாற்றுப் பொருளுடன் சரக்குச் செலவையும் தனித் தொகையாகக் குறிப்பிட்டுக் கோர வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவாக வேண்டும். வழக்குக்கு முந்தைய முறையீட்டுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.