சாம்பிள் கொண்டாந்தீங்களா?

டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டச் சொல்வார். அந்தக் கால ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் போனால் பழைய பார்ட்டை நீட்டச் சொல்வார்.

''சாம்பிள் கொண்டாந்தீங்களா?''

இல்லை என்றால் போச்சு. மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. கொண்டு போயிருந்தால், மனுஷர் அதை வாங்கி, கட்டை விரலால் அழுக்கைத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்ப்பார்.

''கிளட்ச் பிளேட்டு கருகிப் போயிருக்கே. வண்டிய யாரு ஓட்றது?''

''பையன்தாங்க.''

''கால கிளட்ச் மேலயே வச்சிக்கினு ஓட்றான். சொல்லி வைங்க. இல்லாட்டி ஆறு மாசத்துல மறுபடி எங்கிட்டதான் வந்து நிப்பீங்க.''

மறுபடி வந்து நின்றால் அவருக்குத்தானே லாபம்? அதைப் பற்றிக் கவலைப்படாமல் புத்திமதி சொல்லி அனுப்புவார். கேட்டது பிளேட்டு. கிடைத்தது பிளேட்டும், பையனைப் பற்றிய ரகசிய ரிப்போர்ட்டும்!

சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரிந்திருக்கும். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் தெரு. சுருக்கமாக ஜி.பி. ரோடு. புது பார்ட்ஸ் என்றால் அங்கே. பழைய பார்ட்ஸ் என்றால் எழும்பூர் பக்கம் புதுப்பேட்டை. இந்தக் கடைகளில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவர்களில் பலர் டீ வாங்கிவரும் பையனாகச் சேர்ந்தவர்கள். ஏணியில் ஏறி டப்பா எடுத்து, பில் போட்டு, இருபது வருஷத்தில் நடமாடும் கேட்லாக் ஆனவர்கள். காதில் பென்சில், நெற்றியில் விபூதி, விரல் ரேகையில் நிரந்தரமாகக் கிரீஸ். ''மூணாவது ரேக், மேல் தட்டு, செவப்பு டப்பாக்குப் பின்னால பாருடா'' என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார்கள். அங்கேதான் இருக்கும்.

மனப்பாடம் மட்டும் இல்லை, கணக்கும் தெரியும். பேரிங்கின் மேல் 6204 என்று பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். நாலைஞ்சு இருபது, அதாவது 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. ஆனால் 00, 01, 02, 03 என்று முடிந்தால் மட்டும் இந்த வாய்ப்பாடு செல்லாது. அவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். இதை அவர்கள் எந்த காலேஜிலும் படிக்கவில்லை. நம்பர் தேய்ந்துபோன பேரிங்கைக் கொடுத்தாலும் விரலை நுழைத்துப் பார்த்து, ''அறுபத்திரண்டு நாலு'' என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், சரியாக இருக்கும்.

ஸ்பார்க் பிளக் இன்னும் வேடிக்கை. சூட்டைச் சட்டென்று என்ஜின் தலைக்குக் கடத்திவிடும் பிளக்குக்கு 'கோல்டு' என்று பெயர். மெதுவாகக் கடத்துவது 'ஹாட்'. என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் கோல்டு. பாஷ் பிளக்கில் எண் ஏற ஏற ஹாட். மாமியாரும் மருமகளும் மாதிரி, ஒன்று கிழக்கே என்றால் இன்னொன்று மேற்கே! கம்பெனி மாற்றி பிளக் வாங்கும்போது இந்த விவரம் தெரியாதவர் எடுத்துக் கொடுத்தால், அந்த மாற்றலில் அடிபடுவது நம் என்ஜின்.

பழைய பிளக்கை வைத்து ஜாதகமே கணிப்பார்கள். வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைச்சல். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கலாம். வெளுத்திருந்தால் என்ஜின் சூடு தாங்கவில்லை. இளம் பழுப்பாக இருந்தால் கல்யாண யோகம், எடுத்துட்டுப் போங்க.

ஒரு கடையில் பார்த்தது. மொபெட்டில் பால் ஊற்றுகிறவர் ஒருவர் வந்தார். வண்டி இழுக்கவில்லை, புகையாய்த் தள்ளுகிறது, கார்புரேட்டரை மாற்றணும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பணத்தை எண்ணி மடியில் முடிந்து கொண்டு வந்திருந்தார்.

''கார்புரேட்டர் இருக்கட்டும்பா. பிளக்கக் கழட்டிக் காட்டு.''

காட்டினார். அட்டக் கரி.

''ஏர் பில்டர் தொடச்சு எத்தினி நாளாச்சு?''

''அது எங்கண்ணே இருக்கு?''

பெரியவர் கவுன்ட்டரை விட்டு இறங்கி வந்து காட்டினார். உள்ளே ஸ்பாஞ்சு அடை தட்டிப்போய்க் கிடந்தது. ''இத அலசிக் காயவச்சு, ரெண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிழிஞ்சு மாட்டு. அப்பவும் இழுக்கலேன்னா வா, கார்புரேட்டர் தரேன்.''

பால்காரர் திரும்பி வரவில்லை. கார்புரேட்டருக்காக வரவில்லை என்கிறேன். அதற்கப்புறம் டயர், டியூப், செயின், கேபிள் எல்லாவற்றுக்கும் அந்தக் கடைதான். ஒரு கார்புரேட்டரை விற்காமல் ஒரு ஆயுள் சந்தா சேர்த்துவிட்டார் பெரியவர்!

இப்போது?

ஏ.சி. கடை. கண்ணாடிக் கதவு. கழுத்தில் அட்டை தொங்கும் தம்பி. வணக்கமெல்லாம் நன்றாகத்தான் சொல்கிறார். போன மாதம் செல்போன் விற்றுக்கொண்டிருந்திருப்பார், அடுத்த மாதம் செருப்பு விற்கலாம்.

''வைப்பர் பிளேடு வேணும் தம்பி.''

''வண்டி என்ன மாடல் சார்?''

சொன்னார் வந்தவர்.

''எந்த வருஷம்?''

சொன்னார்.

''பெட்ரோலா, டீசலா?''

''மழை பெய்யறதுக்குத் தாம்பா வேணும்!''

''இல்ல சார், அத செலக்ட் பண்ணாதான் அடுத்த பேஜ் போகும்.''

கடைசியில் கம்ப்யூட்டர் 'ஸ்டாக் இல்லை' என்றது. தம்பியின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க வைப்பர் பிளேடு தொங்குகிறது. வாசலில் வண்டி நிற்கிறது. பழைய பிளேடை ஒரு டேப்பு வைத்து அளந்தால் தீர்ந்தது விஷயம். பல கார்களில் டிரைவர் பக்கம் நீளம், அந்தப் பக்கம் குட்டை. அதைப் பார்த்து எடுத்தால் போதும். ஆனால் அளக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லையே!

வைப்பரோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். பிரேக்கில் கை வைத்தால் சிரிப்பு வராது.

இன்னொரு கடை. பிரேக் ஆயில் டாட் 4 கேட்டார் ஒருவர். ''டாட் 4 இல்ல சார். டாட் 5 தரட்டுமா? அதவிட லேட்டஸ்ட்'' என்றார் தம்பி. வந்தவர் கொஞ்சம் விவரமானவர். ''5-ஆ, 5.1-ஆ?'' என்றார்.

''ரெண்டும் ஒண்ணுதான் சார். ஒரு பாயின்ட்டுதானே வித்தியாசம்!''

அந்த ஒரு பாயின்ட்டில் உயிர் இருக்கிறது. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, ஒரே ஜாதி. டாட் 5 மட்டும் சிலிகோன். இரண்டும் சேராது. கலந்து ஊற்றினால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கலாம். அதிலும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சிலிகோன் ஊற்றிப் பார்ப்பது விஷப் பரீட்சை.

இன்னொரு சங்கதி. கிளைக்கால் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள். சூட்டில் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பின் சீட்டில் குழந்தைகள். அதனால்தான் அந்தக் காலத்துப் பெரியவர் பிரேக் ஆயில் கேட்டால் சின்ன பாட்டிலாகக் கொடுத்து, ''மீதிய வச்சிருந்து அடுத்த வருஷம் ஊத்தாதீங்க. தூக்கிப் போடுங்க'' என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் பில் போட்டதில்லை.

சரி, தம்பியை மட்டும் கரித்துக்கொட்டி என்ன பிரயோசனம்? அவர் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டாமா?

ஒரு காலத்தில் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவ்வளவுதான். அம்பாசடர் 1950-களின் கடைசியில் வந்து 2014 வரை ஓடியது. ஒரு ஆள் ஒரே வண்டியை ஆயுள் முழுக்கப் படிக்கலாம். 1983-ல் மாருதி வந்தது. 1991-க்கு அப்புறம் கதவு திறந்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து சான்ட்ரோ வந்தது. பிறகு புற்றீசல்தான். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்து, புது டூவீலர்களில் கார்புரேட்டருக்குக் கிட்டத்தட்ட விடை கொடுத்துவிட்டது. பிளக்கைப் பார்த்து ஜாதகம் சொன்னவர் சென்சாரைப் பார்த்து என்ன சொல்வார்? ஒரே மாடலில், ஒரே வருஷத்தில், இரண்டு வகை பிரேக் பேடு வருகிறது. 17 எழுத்துள்ள சேஸிஸ் நம்பரைத் தட்டினால்தான் எது என்று தெரியும். கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது. ஒப்புக்கொள்வோம்.

பழைய ஆட்கள் எல்லோரும் அரிச்சந்திரன் வீட்டு அடுத்த வாசல் என்றும் சொல்லிவிட முடியாது. ''ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா?'' என்று கேட்டவர் யோக்கியர். கேட்காமலே லோக்கலை ஒரிஜினல் டப்பாவில் போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. கூட வரும் மெக்கானிக்குக்குக் கமிஷன் தனி!

ஆனால் ஒரு வித்தியாசம். கம்ப்யூட்டர் சொல்வது 'எந்த பார்ட்' என்று. பெரியவர் கேட்டது 'எதனால் போச்சு' என்று. ஸ்கேனர் வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். பி 0171 என்று கோடு வந்தால் 'பெட்ரோல் விகிதம் குறைச்சல்' என்று அர்த்தம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சென்சார் வாங்க ஓடுகிறோம். காற்று கசிவது விரிந்துபோன ஒரு ரப்பர் ஹோஸில் இருக்கலாம். ஸ்கேனர் சொல்வது காய்ச்சல் என்று. மலேரியாவா, டைபாய்டா என்று ஒரு ஆள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளைத்தான் நாம் தொலைத்துக்கொண்டு இருக்கிறோம்.

அவர் ஏன் தொலைந்தார்? கடை முதலாளி அவருக்கு மாதக் கடைசியில் 'எத்தனை விற்றாய்' என்று கணக்குப் பார்த்தார். 'எத்தனை பேரைக் காப்பாற்றினாய்' என்று எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை. பால்காரரிடம் கார்புரேட்டர் விற்காதது பேரேட்டில் நஷ்டமாகத்தான் தெரியும்.

வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கவுன்ட்டரில் அரை மணி நேரம் பெரியவரைப் பேச வைக்கிறார்கள். அவர் சரியான பார்ட்டை எடுத்து வைக்கிறார். ''ஒரு நிமிஷம்'' என்று டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்து, செல்போனில் நாற்பது ரூபாய் குறைவாக ஆர்டர் போடுகிறார்கள். அறிவு கடையில் ஓசி. பார்ட்டு வேறு இடத்தில். இப்படியே போனால், தன் மகனை எந்தப் பெரியவர் அந்தக் கவுன்ட்டரில் நிறுத்துவார்?

அதனால் நாலு யோசனை. பார்ட்டு வாங்கப் போகும்போது பழசைக் கையோடு கொண்டு போங்கள். ஆர்.சி.யையோ சேஸிஸ் நம்பரையோ எழுதி எடுத்துப் போங்கள். பிரேக் ஷூவோ பேடோ மாற்றினால், அந்த அச்சின் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் வண்டி கோணிக்கொண்டு இழுக்கும். நாலாவதுதான் முக்கியம். கடைக்காரரிடம், ''இது ஏன் போச்சு?'' என்று நீங்களே கேளுங்கள். தம்பி முழித்தால் கோபப்படாதீர்கள். நாலு பேர் கேட்டால் அவரும் யாரிடமாவது போய்க் கேட்பார். டீ வாங்கிவந்த பையன் கேட்டுக் கேட்டுத்தானே பெரியவர் ஆனார்?

''இது உங்களுக்கு வேண்டாம் சார்'' என்று சொல்லி அனுப்பும் கடை ஏதாவது உங்கள் பேட்டையில் இன்னும் மிச்சம் இருந்தால், அங்கே வெறுங்கையோடு திரும்பாதீர்கள். ஒரு ப்யூஸாவது வாங்குங்கள். நாற்பது ரூபாய் அதிகம் என்றால் கொடுங்கள். கொல்லிமலையில் இறங்கும்போது உங்களோடு வரப்போவது அந்த நாற்பது ரூபாய்தான்.