நாய்க்கும் நாவுண்டு

யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்னாளில் நாய்க்கென்று தனியே உலை வைப்பது அரிது. வீட்டார் உண்டு எஞ்சிய சோறும் மீன்குழம்பும் பழஞ்சட்டியில் விழும். நாய் அதனை நக்கித் துடைத்துவிட்டுப் படலையடியிற் காவலுக்குப் படுத்துக்கொள்ளும். இன்றோ பொமரேனியன் முதலிய சிறுசாதி நாய்கள் வீட்டுக்குள்ளே வந்துவிட்டன. வைத்ததை முகர்ந்துபார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது அவற்றின் வழக்கம். “என்ன வைச்சாலும் தின்னுதில்லை, சேர்” என்று மாணவர் பலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. இவற்றுக்குக் கொடுக்கத்தக்கது கடையில் வாங்கும் உலருணவா, பச்சை இறைச்சியா, இரண்டுமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

உலருணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1860ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இலண்டனில் நாய் விசுக்கோத்துச் செய்து விற்கத் தொடங்கினார். மாவையும் இறைச்சியையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பொரியுருண்டைகளாக்கும் முறை 1950களில் அமெரிக்காவிற் பரவியது. இதற்கு மாறாக, அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பிலிங்ஹேர்ஸ்ட் 1993இல் வெளியிட்ட நூலொன்றின் வழியாகப் பச்சை இறைச்சியையும் எலும்பையும் பரிந்துரைத்தார். நாய் ஓநாயின் வழிவந்ததாகலின் ஓநாயின் உணவே அதற்கு ஏற்றதென்பது அக்கட்சியினரின் வாதம்.

அவ்வாதம் முற்றும் பொருந்தாது. மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய மரபணு, ஓநாயைவிட நாயிடத்தே பன்மடங்கு பெருகியிருப்பதை 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். நம்மோடு வாழ்ந்த நாயின் குடல் நமது சோற்றுக்கும் இணங்கிவிட்டது.

வெறும் இறைச்சியில் வேறொரு குறையும் உண்டு. அதில் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. அதனையே உண்டு வளரும் குட்டியின் எலும்பு வலுவிழக்கும். பச்சைக் கோழியிறைச்சியில் சல்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். குளிர்ப்பெட்டியில் உறையவைப்பதால் அது அழிந்துவிடாது. 2022இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, குளிர்ப்பெட்டியிலிருந்த இறைச்சி என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இறைச்சியை உண்ட வாயினால் நாய் குழந்தையின் கையை நக்கினால், கிருமி நாயோடு நின்றுவிடாது. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் புகாத நமது குசினிகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது.

மீனை விரும்பும் நாய்க்கு அதனை அவித்து, முள்ளகற்றிக் கொடுத்தல் நன்று. சிலவகைப் பச்சை மீன்களில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் பொருளொன்று உண்டு. வெப்பத்தில் அது செயலிழந்துவிடும். அவித்த எலும்போ கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். ஆகவே அதனைக் கொடுத்தல் ஆகாது.

இனி, உண்ண மறுக்கும் நாயின் கணக்கைப் பார்ப்போம். 3 கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 கலோரி போதும். உலருணவாயின் அது ஏறத்தாழ 70 கிராம், ஒரு கைப்பிடி அல்லது இரண்டு. மேரி விசுக்கோத்து ஒன்றிலே ஏறக்குறைய 25 கலோரி உண்டு. அப்பா ஒன்று, அம்மம்மா ஒன்று, பிள்ளைகள் இரண்டு என்று கொடுத்தால் நூறு கலோரி ஆயிற்று. மாலையில் அந்நாய் தட்டைத் தீண்டாததில் வியப்பென்ன? அது பசியின்மையன்று, வயிறு நிறைந்தமையே.

ஆகவே ‘முழுமையான உணவு’ என்று குறிக்கப்பட்ட உலருணவை அடிப்படையாகக் கொள்க. அவித்த இறைச்சியோ மீனோ நாளுணவில் பத்திலொரு பங்குக்கு மேற்படாதிருக்கட்டும். புதிய உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுக. இளஞ்சூட்டு நீர் தெளித்தால் மணம் எழுந்து நாவை அழைக்கும். காலையும் மாலையும் தட்டை வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிடுக. இடையில் ஒன்றுங் கொடாதீர். ஆயினும் சிறுகுட்டிகளுக்கு இம்முறை ஆகாது. அவை பட்டினி கிடந்தால் குருதியிற் சருக்கரை குறைந்து மயங்கிவிழும். வளர்ந்த நாயும் ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தாலோ, வாந்தியெடுத்துச் சோர்ந்தாலோ, மிருக வைத்தியரை நாடுக.

குழம்புச் சோற்றைப் பற்றி ஒரு சொல். நமது செம்மண்ணில் விளையும் வெங்காயம், பச்சையாயினும் சமைத்ததாயினும், நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். பொங்கலில் இடும் முந்திரிகை வற்றல் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். படலையடியில் கிடந்த பெருநாய் தாங்கிய அளவை மடியிற் கிடக்கும் சிறுநாய் தாங்காது.

வைரவரின் வாகனமென்று நாயை நாம் கோயிலிற் காண்கின்றோம். வீட்டிலே அதற்கு அளந்தறிந்து உணவிடுவதும் ஒரு வழிபாடேயாகும்.